உசாத்துணைப் பட்டியலில் ஆளில்லாத ஏழு

உங்கள் பயிற்சி வகுப்பில் கட்டுரையின் கடைசியில் வரும் உசாத்துணைப் பட்டியலை அமைப்பது பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் குழப்பம் பிடித்துக்கொண்டது. ஆண்டு எங்கே வரும், அரைப்புள்ளி எங்கே வரும், சஞ்சிகையின் பெயரை எப்படிச் சுருக்குவது என்பதெல்லாம் உங்கள் மேசையில் கிடக்கும் அறிவுறுத்தல் தாளிலேயே இருக்கிறது. அதை நான் வேறு வந்து வாசித்துக் காட்ட வேண்டுமா? மருத்துவச் சஞ்சிகைகளுக்குக் கையெழுத்துப் பிரதி தயாரித்தே தலை நரைத்தவள் நான். அந்தத் தாள் என் கண்முன்னே எத்தனையோ தரம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு தரமும் இதுதான் சரி என்றார்கள். அதற்கு முந்தின தரமும் அதையேதான் சொன்னார்கள்.

ஆகவே தாளை விட்டுவிடுகிறேன். ஒரு ஏழாம் எண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அதிலிருந்து என்ன பாடம் எடுப்பது என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. நீங்கள் கெட்டிக்காரர்கள், முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளில், இலங்கை மலையகத்தில் நடந்தது. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, சுற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. ஹட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் தட்டச்சுப் பழகிவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா பக்கத்துத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடியற்காலையில் மலைக்குப் போகுமுன் ஆட்கள் எல்லாரும் கூடும் இடத்தைப் பெரட்டு என்போம். அங்கே நின்று செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் உள்ள எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, வந்த ஆளைப் பார்த்து வேலைக்கு அனுப்புவது அப்பாவின் தொழில். வேலை செய்தவருக்கு அந்த நாளைக் குறித்துக்கொள்வதற்குப் பேர் போடுவது என்று பெயர். பாதி வேலை செய்தால் அரைப் பேர். வராதவருக்குப் பேர் கிடையாது. அந்தக் கூப்பாட்டைக் கேட்டுத்தான் சின்ன வயதில் நான் கண்விழித்தேன். அதனால் எண் என்றால் என் மனதில் ஓர் ஆள்தான் வந்து நிற்பார். எங்கள் தோட்டத்தில் ஓர் ஆள் செத்தாலோ, ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய எண்ணை உடனே இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டார்கள். புதிய செக்ரோல் எழுதும்வரை அது சும்மா கிடக்கும். புதிதாக வந்தவர் கடைசி எண்ணுக்குப் போவார். இது எனக்குத் தாய்ப்பாலோடு வந்த கணக்கு. உலகத்தில் எல்லாரும் இப்படித்தான் எண்ணுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் மேலே இருந்தவரைப் பெரிய டாக்டர் என்போம். காலிப் பக்கத்துச் சிங்களவர். தமிழை நோயாளிகளிடம் பழகியவர். மூச்சு இழு, நாக்கு நீட்டு, எங்க நோவு என்பதெல்லாம் கணீரென்று வரும். அதற்கு மேல் போனால் தடுமாறுவார். நல்ல மனுஷர், கையெழுத்துத்தான் கொடுமை. அவர் அப்போது கொழும்புச் சஞ்சிகை ஒன்றுக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். வயிற்றுப் புழு இரத்தத்தைக் குடித்து, வெள்ளைக் காகிதமாக வெளிறிப்போய்ப் பிரசவத்துக்கு வரும் லயத்துப் பெண்களை, தொழிலாளர் வரிசை வீட்டுப் பெண்களைப் பற்றியது. அப்படி வந்தவர்களில் சிலர் பிரசவக் கட்டிலிலேயே போய்விடுவார்கள். அவர் அதைத் தாங்கமாட்டார், அன்றைக்கு யாரோடும் பேசமாட்டார். மலையில் தனியாகக் கிடந்து வைத்தியம் பார்க்கிற டாக்டர்மார் வாசித்து அதன்படி செய்வதற்காகத்தான் எழுதுகிறேன் என்பார். அதாவது அதில் உள்ள ஒவ்வொரு வரியும் என்றைக்கோ ஒரு நாள் யாரோ ஒரு பெண்ணின் வாய்க்குள் மருந்தாகப் போகும். நான் அதை அப்போது யோசிக்கவில்லை. எனக்கு அது தட்டச்சு வேலை.

கட்டுரைக்குள் ஒரு கருத்தைச் சொன்னால் பக்கத்தில் ஓர் எண். கடைசியில் பட்டியல். அந்த எண்ணுக்கு நேரே, அதைச் சொன்னவர் யார், எங்கே எழுதினார் என்ற விவரம். இவ்வளவுதான் என்று டாக்டர் விளக்கியதும் எனக்கு ஒரே சந்தோஷம். அட, இது பெரட்டு அல்லவா என்று நினைத்தேன். கட்டுரை கூப்பிடுகிறது, பட்டியல் ஆஜர் சொல்கிறது. இவ்வளவு லேசான வேலைக்கா இந்தப் பாடு என்று இறுமாந்துபோய் உட்கார்ந்தேன்.

முதல் தடவை அவர் மூன்றாம் எண்ணைப் பட்டியலிலும் கட்டுரையிலும் வெட்டினார். புதிதாக ஒன்றைச் சேர்த்தார். நான் மூன்றைக் காலியாக விட்டு, புதியவரைக் கடைசியில் போட்டு, சுத்தமாகத் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மிஸ் இது? மூணு எங்க?"

"நீங்கதானே சார் வெட்டுனீங்க."

"வெட்டினா நாலு மூணு ஆகணும்."

"நாலு எதுக்கு சார் மூணாகணும்? அது பாட்டுக்கு நாலா இருக்கட்டுமே."

என்ன வியாதி என்று தெரியாத நோயாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். பட்டியலில் ஓட்டை இருக்கக் கூடாது. கட்டுரையில் வருகிற வரிசையிலேயே எண்கள் வரவேண்டும். ஒன்று போனால் பின்னால் நிற்பவர் எல்லாரும் ஒரு படி முன்னால் வரவேண்டும். இடையில் ஒன்று நுழைந்தால் எல்லாரும் ஒரு படி பின்னால் போக வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. நேற்று நாலாக இருந்தவர் இன்றைக்கு மூன்று, நாளைக்கு மறுபடியும் நாலா? அப்படியானால் யார்தான் யார்? ஆனாலும் சொன்னபடி செய்தேன். பட்டியலை மாற்றினேன், கட்டுரைக்குள்ளும் தேடித் தேடி மாற்றினேன். ஓரிடத்தில் மாற்ற மறந்து, மற்றோரிடத்தில் இரண்டு தரம் மாற்றி, கருவுற்ற பெண்களைப் பற்றிய வரிக்கு மாட்டுப் புழுவைப் பற்றி எழுதிய ஒருவரைச் சாட்சிக்கு நிறுத்தியிருந்தேன். அதைக் கண்டுபிடித்து டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு கொழும்பில் அவருடைய அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போய்த் தந்தி வந்தது. கார் புறப்படுகிற நேரத்தில் ஜன்னல் வழியாகப் பட்டியலை என்னிடம் நீட்டினார். ஏழாம் எண்ணின் மேல் நீலப் பென்சிலால் ஒரு கோடு.

"ஏழு வேணாம் மிஸ். மத்தது வந்து சொல்றேன்."

கார் போய்விட்டது. நான் பட்டியலோடு நின்றேன். ஏழை வெட்டியாயிற்று. ஆனால் கட்டுரைக்குள் ஏழு என்று கூப்பிடும் வரி அப்படியே இருந்தது. அந்த வரியையும் எடுக்க வேண்டுமா, எண்ணை மட்டும் எடுக்க வேண்டுமா, எட்டை ஏழாக்கி அங்கே நிறுத்த வேண்டுமா? மத்தது என்றாரே, அது எது?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். யோசனை கேட்கவில்லை, டாக்டர்மாருடைய கூத்தைச் சொல்லிச் சிரிக்கத்தான் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. உண்மையாகவே பதறிவிட்டார்.

"போன ஆளு நம்பர பின்னாடி நிக்கிறவனுக்கு குடுக்குறதா? என்னா புள்ள சொல்ற? அப்ப நாளைக்கு பெரட்டுல ஏழுன்னு கூப்ட்டா யாரு வருவா?"

"எட்டாம் நம்பரு ஆளு வருவாருப்பா."

"அவனுக்கு என்னா தெரியும் ஏழாமவன் வேலையப் பத்தி?"

படித்த டாக்டர்மார் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். அவர்களுக்கு மூளை கலங்கிப்போச்சு என்று சொல்லிவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டார். மறுநாள் வேலைக்கு வந்து, ஏழு என்று அடித்து, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, அந்த வரியை வெறுமையாக விட்டேன். பிடிவாதம் பாதி, முந்தின குளறுபடியை நினைத்துப் பயம் பாதி. டாக்டர் வந்து திட்டட்டும், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

டாக்டர் வருமுன் மழை வந்தது. ஹட்டன் வீதியில் மண் சரிந்து பாதை அடைபட்டது. தொலைபேசிக் கம்பியும் அறுந்துபோனது. அந்த நாளில்தான் பேச்சியம்மாவைக் கொண்டுவந்தார்கள்.

கொழுந்து எடுக்கிற பெண். எட்டு மாதம். தலைச்சன் பிள்ளை. உதடு, நகம், கண்ணுக்குள் எல்லாம் வெள்ளை. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. கூட வந்த புருஷன் செல்லையா நனைந்த கம்பளியோடு வாசலில் நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பெரிய டாக்டருக்குப் பதிலாக வந்திருந்தவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, படித்து முடித்த புதிது. அவரைச் சின்ன டாக்டர் என்போம். இவளுக்கு உடனே இரத்தம் ஏற்ற வேண்டும், அதற்குக் கண்டிக்குப் போக வேண்டும், பாதை இல்லை. உடனே பலன் தரக்கூடியதாகக் கையில் இருந்தது புழு மருந்து ஒன்றுதான். இரத்தத்தைக் குடிக்கிற புழுவைக் கொன்றால் இவள் பிழைக்கலாம். மருந்தின் வேகத்தை இந்த உடம்பு தாங்காவிட்டால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். கொடுப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கும்வரை நிம்மதியாக இருந்தேன்.

"பெரியவர் இதைப் பற்றித்தானே எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தக் கட்டுரையைக் கொண்டு வாரும் பிள்ளை," என்றார்.

கார்பன் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வார்டின் நடுவில் நின்றபடியே வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார். இரத்தம் மிகக் குறைந்த கர்ப்பிணிகளுக்கும் புழு மருந்தை உடனே கொடுக்கலாம் என்று இருந்தது. பக்கத்தில் ஏழு. அவர் முகத்தில் உயிர் வந்தது. மருந்தைத் தயார் செய்யும்படி நர்சிடம் கைகாட்டிவிட்டு, கடைசித் தாளைத் திருப்பினார்.

"ஏழாம் இலக்கம் எங்கை?"

"காலிங்க சார்."

"காலியெண்டால்?"

"ஏழு இல்லீங்க. ஆறுக்குப் பொறகு எட்டுங்க."

"விளையாடுறீரோ? இஞ்சை ஒரு பொம்பிளை மூச்சுவிடேலாமல் கிடக்கிறாள்."

நான் செக்ரோலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். என் வாயிலிருந்து வந்தது எனக்கே புரியவில்லை. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பட்டியலை மறுபடி பார்த்தார். எட்டாம் எண்ணில் பெரிய பெயர் ஒன்று இருந்தது, சீமையில் உள்ள பேராசிரியர். புழு வைத்தியத்தில் அவருக்கு மிஞ்சி ஆளில்லை என்று பெரிய டாக்டரே சொல்வார்.

"எட்டைத்தான் ஏழெண்டு அடிக்க மறந்துபோனீரோ? இவரோ இதைச் சொன்னவர்? ஓம் இல்லையெண்டு சொல்லும்."

நர்ஸ் மருந்துக் கோப்பையோடு வந்துவிட்டாள். வாசலிலிருந்து செல்லையா, "ஏதாச்சும் குடுங்கய்யா, சும்மா வச்சிருக்காதீங்கய்யா," என்று கெஞ்சினான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகளே, இந்த இடத்தை மட்டும் நன்றாகக் கேளுங்கள். ஓம் என்று, ஆமாம் என்று சொல்வது எவ்வளவு லேசு தெரியுமா? டாக்டர் ஆறுதலடைவார், செல்லையா அழுகையை நிறுத்துவான், என் மேல் குற்றமும் வராது. எண்ணை முறைப்படி மாற்றியிருந்தால் அந்தப் பேராசிரியர் உண்மையாகவே ஏழாகத்தான் நின்றிருப்பார். அவர் ஆஜர் சொல்லியிருப்பார்.

"தெரியாதுங்க சார். ஏழாம் நம்பர பெரிய டாக்டரு போகும்போது வெட்டிட்டாருங்க. எட்டு வேற ஆளுங்க."

"ஏன் வெட்டினவர்?"

"சொல்லலீங்க. மத்தது வந்து சொல்றேன்னாருங்க."

அவர் கட்டுரையை மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "எழுதின மனுசனே வெட்டிப்போட்டார் எண்டால் நான் என்னெண்டு குடுக்கிறது," என்றார். கோப்பையைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார். பேச்சியம்மாவைத் தலையணை வைத்துச் சாய்த்துப் படுக்கவைத்து, இரும்புச்சத்து மருந்து கொடுத்து, அசையவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். செல்லையாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. தோட்டத்து ஆட்கள் மண்வெட்டியோடு போய்ப் பாதையைத் திறந்தார்கள். மறுநாள் கொழுந்து லொறியில் மெத்தை போட்டு அவளைக் கண்டிக்கு அனுப்பினோம். லொறி வளைவில் திரும்பும்போது, நான் பேசாமல் ஓம் என்று சொல்லியிருக்கலாமோ, மருந்தைக் குடித்திருந்தால் இந்நேரம் எழுந்து உட்கார்ந்திருப்பாளோ என்று யோசித்தபடி நின்றேன். அவள் வழியில் செத்துப்போனால் கொன்றது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சாகவில்லை. கண்டியில் இரத்தம் ஏற்றினார்கள், பெண் பிள்ளை பிறந்தது.

பெரிய டாக்டர் வந்ததும் சின்ன டாக்டர் நடந்ததைச் சொன்னார். பெரியவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு உள்ளே போய் ஒரு கட்டுரையை எடுத்துவந்து மேசையில் போட்டார். அதுதான் ஏழு. அவர் அதை முதலில் பார்த்ததே இல்லையாம். வேறொருவர் தன் கட்டுரையில் அதை எடுத்துக்காட்டியிருந்ததை நம்பித் தானும் எழுதிவிட்டார். கொழும்புக்குப் புறப்பட்ட அன்று தபாலில் மூலக் கட்டுரை வந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் அதில் கர்ப்பிணிகளே இல்லை, முழுக்க ஆண்கள். வரியையும் திருத்த வேண்டும் என்று நினைத்தபடிதான் கோட்டைப் போட்டுவிட்டுக் காரில் ஏறியிருக்கிறார்.

"மிஸ், ஓட்டை வைக்காத சொன்னேன்தானே?" என்றார்.

"சொன்னீங்க சார்."

"ஏன் வச்ச?"

ஏழாமவன் வேலையைப் பற்றி எட்டாமவனுக்கு என்ன தெரியும் என்று அப்பா கேட்டார் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவுமில்லை, மெச்சவுமில்லை. தமிழில் ஏதோ சொல்ல வந்து, சொல் கிடைக்காமல், சிங்களத்தில் முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் அந்த வரியை எடுத்தார். எல்லா எண்களையும் மாற்றி ஓட்டையை மூடச் சொன்னார். மூடினேன். கட்டுரை அச்சில் வந்தபோது அந்தப் பேராசிரியர் ஏழாம் எண்ணில் நின்றார். அழகாக இருந்தது.

அதனால்தான் சொன்னேன், எனக்குக் குழப்பம் என்று. ஓட்டை வையுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது, சஞ்சிகைக்காரர் என்னை உதைப்பார்கள். மூடுங்கள் என்று மனதாரச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இப்போது உங்கள் கணினியில் ஒன்றை வெட்டினால் மற்றதெல்லாம் தாமாகவே நகர்ந்து நின்றுகொள்கிறதாம். போனவர் யார், ஏன் போனார் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. நான் ஓய்வுபெறும்வரை ஒரு வேலை செய்தேன். பிரதி தபாலில் போகுமுன் கூட வேலை செய்கிறவரைப் பட்டியலோடு எதிரில் உட்காரவைத்துப் பெரட்டுக் கூப்பிடுவேன். நான் கட்டுரை வரியை வாசித்து எண்ணைச் சொல்ல, அவர் அந்த எண்ணுக்குரிய கட்டுரையைக் கையில் எடுத்து, இதைச் சொன்னது இவர்தான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டுரை கையில் இல்லாவிட்டால் பேர் கிடையாது. என்னைக் கிழட்டுக் கணக்கப்பிள்ளை என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பேச்சியம்மாவை மறுபடி ஒருமுறை பார்த்தேன். பிள்ளைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். ஆள் நன்றாகத் தேறியிருந்தாள். சந்தோஷமாகப் பேசப் போனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒங்க மேல எனக்கு கோவந்தான் மிஸ். எங்கூட்டுக்காரரு அந்தக் கெஞ்சு கெஞ்சுனாரு. கொண்டாந்த மருந்தக்கூட திருப்பி அனுப்பிட்டீங்க. லயத்து ஆளுகன்னா அம்புட்டுத்தானா?"

அந்த வீட்டில் இத்தனை நாளும் எங்களை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கட்டுரை என்றேன், பட்டியல் என்றேன், நீலப் பென்சில் என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் சொன்னேன்.

"அந்த மருந்த குடுக்கலாமானு பெரட்டுல ஒரு நம்பர கூப்ட்டோம்மா. குடுக்கலாம்னு சொல்ல வேண்டிய ஆளு வரல. ஏன் வரலன்னு அன்னைக்கி யாருக்கும் தெரியல."

பிள்ளையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"வராத ஆளுக்கு பேரு போடாம விட்டீங்களாக்கும்?"

"ஆமாம்மா."

"அப்ப சரிதான்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "இத அன்னைக்கே வாசல்ல நின்ன மனுசன்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு, ஊசி போடும் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.